அளவு ஜாக்கெட்டும் பிரவுன் பேப்பரும்

2014-ல் ஓய்வு பெற்ற அடுத்த மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். பழைய பேப்பர் விலையில் கணக்குப் போட்டால் அது முப்பது ரூபாய்த் தப்பு. ஆனால் அதைத் திருத்தும் வேலை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

நெய்வேலியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் டவுன்ஷிப்பில் இருந்துவிட்டு, குள்ளஞ்சாவடியில் கட்டி வைத்திருந்த வீட்டுக்கு நாங்கள் சாமான் ஏற்றினோம். புது வீட்டைக் கழுவிவிட மனைவி முதல் நாளே கிளம்பிப் போய்விட்டாள். நான் இங்கே வேண்டியது, வேண்டாதது என்று இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் பிரவுன் பேப்பர். பென்சில் கோடும், ஓரத்தில் ஓட்டையும், ஓட்டையில் நூலுமாக ஒரு பெரிய கட்டு. சில காகிதங்கள் மடிப்பிலேயே இற்றுப் போயிருந்தன. எனக்குக் குப்பையாகத்தான் தெரிந்தது. செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டேன். பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன், நல்ல பெட்டி.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள். "ஏங்க, அந்தப் பொட்டியில இருந்த தையல் பேப்பர் கட்டு எங்க?"

சொன்னேன். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கட்டில் என்ன இருந்தது என்பதை அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். மகளுக்கு ஒரு வயதிலிருந்து தைத்த கவுன்கள், பாவாடை சட்டைகள். மகனின் அரைக்கால் சட்டை. என் பைஜாமா. அவளுடைய ஜாக்கெட், அவள் தங்கையின் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் வெட்டிய காகித மாதிரிகள். அவற்றுள் ஒன்றில் 'அத்தை' என்று எழுதியிருந்ததாம். அது என் அம்மாவுடையது. அம்மா 2003-ல் போய்விட்டாள்.

அந்தக் காகிதத்தின் அருமை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். வார்ப்புப் பட்டறையில் 'பேட்டர்ன்' என்று ஒன்று உண்டு. உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் மரத்தில் அந்தப் பொருளின் உருவத்தைச் செய்து மணலில் பதிப்பார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் மரப் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். வார்த்த சாமான் உடைந்தால் இன்னொன்று வார்க்கலாம். பேட்டர்ன் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தையலிலும் அதே கதை. உடுப்பு கிழிந்தால் இன்னொன்று வெட்டலாம், மாதிரி இருக்கும்வரை. தையலுக்கு விடும் துணியும், வார்ப்பில் சுருக்கத்துக்கு விடும் அளவும் ஒரே புத்திதான். என் வீட்டில் முப்பது வருஷமாக ஒரு பேட்டர்ன் கடை நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குற்ற உணர்ச்சியில்தான் தையல் மாதிரிகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தைக்காத துணியும் தைத்த துணியும்

புடவை, வேட்டி, துண்டு என்று நம் பக்கத்து உடைகளில் பெரும்பாலானவை தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்துபவை. பக்கத்துக் குறிஞ்சிப்பாடியில் நெய்யும் கைலிக்கும் ஒரே ஒரு மூட்டுத் தையல் போதும். அதற்காக நமக்குத் தையலே தெரியாது என்று அர்த்தமில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத் தெருக்களைச் சொல்லும்போது துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்பவர்களையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. 'தையல்' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் பெண் என்றும் பொருள் உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் உடம்பில் தைத்த துணி ஏறியது சமீப காலத்தில்தான்.

என் பாட்டி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கப் போனாலும் அப்படித்தான், விசேஷ வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அம்மாவுக்குக் கல்யாணத்தின்போதுதான் முதல் ரவிக்கை. ஒரு தலைமுறையில் வந்த மாற்றம் இது.

எங்கள் ஊரில் இது சத்தமில்லாமல் நடந்தது. தெற்கே அப்படி இல்லை. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேல்சட்டையைப் போடத் தொடங்கியதும் தகராறு வெடித்தது. 1820-களில் ஒரு முறை, 1858-59-ல் இன்னொரு முறை சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று படித்திருப்பீர்கள். சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கடி கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26-ல் வந்த அரச அறிவிப்பு நாடார் பெண்கள் சட்டை அணியலாம் என்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போட மட்டும் அனுமதி இல்லை.

அதே நாகர்கோவிலில் இன்னொரு சங்கதி. 1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி அங்கே வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்கள் பள்ளியில் ஊசிவேலையும் லேஸ் பின்னுவதும் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசு பெண்களின் கைக்கே வந்தது. அன்று அங்கே அடிமை முறை இருந்த காலம். லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்களும் இருந்திருக்கிறார்கள்.

ஒரு ஜாக்கெட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு வியப்பாக இருந்தது. போடும் உரிமைக்கு ஒரு சண்டை. தைக்கத் தெரிந்ததால் ஒரு விடுதலை.

மெஷின் வந்த கதை

தையல் இயந்திரம் வந்தபோது முதலில் பயந்தவர்கள் தையல்காரர்கள். பிரான்ஸில் பார்த்தலமி திமோனியே என்ற தையல்காரர் 1830-ல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, பாரிஸில் ராணுவ உடுப்பு தைக்கப் பட்டறை போட்டார். அடுத்த வருஷமே மற்ற தையல்காரர்கள் திரண்டு வந்து மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-லும் ஐசக் மெரிட் சிங்கர் 1851-லும் காப்புரிமை வாங்கினார்கள். சிங்கர் கம்பெனியின் பெரிய கண்டுபிடிப்பு மெஷின்கூட இல்லை, தவணை முறைதான் என்பேன். சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-ல் அதை ஆரம்பித்தார். கொஞ்சம் முன்பணம் கட்டிவிட்டு மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மீதியை மாதா மாதம் கட்டலாம். எங்கள் வீட்டு மெஷினும் 1984-ல் அப்படித் தவணையில் வந்ததுதான். அதன் மேல் 'மெரிட்' என்று எழுதியிருக்கும். சிங்கரின் நடுப்பெயர்.

இந்தியாவில் 1870-களிலேயே சிங்கர் விற்பனைக்கு வந்துவிட்டது. நஸர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றுக்கும் விற்பனையைக் கவனித்தார். ஆனால் அமெரிக்காவில் வீட்டுப் பெண்கள் வாங்கிய மெஷினை இங்கே பெரும்பாலும் வாங்கியவர்கள் தொழில்முறைத் தையல்காரர்கள், ஆண்கள். புடவையையும் வேட்டியையும் உடுத்துகிற வீட்டில் மெஷினுக்கு என்ன வேலை? 1930-களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மெஷினைக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் மெஷின் மெதுவாகத் திண்ணைக் கடையிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு நகர்ந்தது.

இயந்திரங்களைக் குறை சொன்ன காந்தியடிகள் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924 நவம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு உரையாடலில், எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று ராமச்சந்திரன் என்ற மாணவர் கேட்கிறார். உருப்படியான சில கண்டுபிடிப்புகளில் சிங்கர் மெஷின் ஒன்று என்கிறார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் உள்ள அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறார். அழகான கதை. ஆனால் நிஜமான சிங்கர் அப்படி உருகிய ஆளாகத் தெரியவில்லை. பல பெண்களோடு குடும்பம் நடத்தியவர், பிள்ளைகள் மட்டும் 24.

அந்தக் கதை வேறொருவருக்குப் பொருந்தும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபனேசர் பட்டரிக் என்று ஒரு தையல்காரர் இருந்தார். அவர் மனைவி எல்லன் ஒருநாள் குழந்தைக்கு கவுன் தைக்கக் கட்டம் போட்ட துணியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாராம். அப்போது காகித மாதிரிகள் இருந்தன, ஆனால் ஒரே அளவில் மட்டும். அதைப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும் தைப்பவள் பாடு. ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனி அளவில் மாதிரி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எல்லன் கேட்க, கணவர் உட்கார்ந்து வெட்டினார். முதலில் கெட்டி அட்டையில் வெட்டிப் பார்த்தார். மடித்துத் தபாலில் அனுப்ப முடியவில்லை. பிறகு மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார். 1863-ல் விற்பனை தொடங்கியது. அந்த ஆரம்ப கால மாதிரிகளில் அச்சடித்த எழுத்தே கிடையாது. எந்த இடத்தில் மடிக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பதை ஓட்டைகள் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

மெஷின் தையலை வேகமாக்கியது. காகிதம்தான் வெட்டுவதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. தையல் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்: தைப்பது கைப்பழக்கம், வெட்டுவதுதான் வித்தை. துணியில் கத்தரி வைத்தால் வைத்ததுதான். தையலைப் பிரிக்கலாம், வெட்டைப் பிரிக்க முடியாது.

நம் ஊர் மாதிரி

நம் ஊரில் ஜாக்கெட் தைக்கப் போகும் பெண்கள் பையில் இரண்டு பொருள் கொண்டுபோவார்கள். ஒன்று புதுத் துணி. பெரும்பாலும் டூ பை டூ ரூபியா. இன்னொன்று 'அளவு ஜாக்கெட்'. ஏற்கெனவே சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட். பட்டரிக்கின் காகிதத்துக்கு நம் பதில் அதுதான்.

எனக்கு அது ஒரு நுட்பமான ஏற்பாடாகவே படுகிறது. தையல்காரர் ஆண். அவர் டேப் வைத்து அளவெடுக்க முன்னால் போய் நிற்க நம் பெண்களுக்குக் கூச்சம். அதனால் உடம்பை அனுப்பாமல் உடுப்பை அனுப்பினார்கள். அம்மா என்னிடம் கொடுத்தனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது. செய்தித்தாளில் சுருட்டி, சணலால் கட்டி, "யாருக்கும் பிரிச்சிக் காட்டாத, நேரா கடைல குடு" என்பாள். நானும் ஏதோ ரகசியக் கோப்பைக் கொண்டுபோவது போல சைக்கிளில் போவேன்.

ஆனால் அதில் இரண்டு குறைகள். ஒன்று, அளவு ஜாக்கெட் நேற்றைய உடம்பு. பிள்ளை பெற்ற பிறகு, வயதான பிறகு, நோய் வந்த பிறகு அது பொய் சொல்லும். இன்னொன்று, அதிலிருந்து வெட்டும் வித்தை முழுக்கத் தையல்காரர் கையில் இருந்தது. மார்பைச் சுற்றி எவ்வளவு, தோள் எவ்வளவு, கைக்குழி எவ்வளவு இறக்கம் என்று தன் உடம்பின் கணக்கு அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஒருமுறை, ஒரு கடையில் அம்மாவின் அளவு ஜாக்கெட்டையே தொலைத்துவிட்டார்கள். தீபாவளிக்கு நாலு நாள். அம்மாவிடம் மிச்சம் இருந்தவை இரண்டும் தொளதொளவென்று போனவை. அந்தத் தீபாவளிக்குப் புதுப் புடவையோடு பழைய ரவிக்கைதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரிகள்.

டவுன்ஷிப்பில் கற்ற தையல்

1981-ல் எங்களுக்குக் கல்யாணம். மனைவியை நெய்வேலிக்கு அழைத்து வந்தேன். நெய்வேலியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்ததுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் கார்ப்பரேஷன் பிறந்தது, 1957 மே 20-ல் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. மரங்களும் நேரான தெருக்களுமாகப் பிளாக் பிளாக்காக ஒரு ஊர். ஆண்கள் ஷிப்டுக்குப் போய்விட்டால் பெண்களுக்கு நீளமான பகல். பக்கத்து வீட்டில் ஒருவர் மலையாளம், எதிர் வீட்டில் ஒருவர் தெலுங்கு.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர்கள். தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பெண்களுக்கு இந்தத் தேர்வு ஒரு வாசல். அதை எழுதி, ஆசிரியர் சான்றிதழும் வாங்கி, பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சரானவர்கள் ஏராளம். அந்த அம்மா வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூடத்தில் பாய் விரித்து ஐந்தாறு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்கத் துணியே கிடையாது. செய்தித்தாளில் வெட்டு, அப்புறம் பிரவுன் பேப்பரில் வெட்டு. 'பேப்பர் கட்டிங்' என்று பெயர்.

என் மனைவி கணக்கில் சுமார். ஆனால் தையல் கணக்கை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மார்புச் சுற்றளவு 36 என்றால் நாலில் ஒரு பங்கு 9. அதோடு தளர்வுக்குக் கொஞ்சம், தையலுக்குக் கொஞ்சம். கழுத்து அகலத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, 3. முன் பாகம், பின் பாகம், கை, பட்டி என்று துண்டு துண்டாக வரைய வேண்டும். ஒரு முழு உடம்பைத் தட்டையான காகிதத்தில் இறக்கி, மறுபடி துணியில் உருட்டி எடுக்கும் வேலை. பட்டறையில் தகட்டைச் சுருட்டிக் குழாய் செய்ய நாங்கள் விரிப்பு வரைவோமே, அதேதான்.

கிராஸ் கட் ஜாக்கெட் ஏன் கச்சிதமாக உட்காருகிறது என்று ஒருநாள் எனக்கே பாடம் எடுத்தாள். துணியைப் பாவு வழியாக இழுத்தால் நீளாது. ஊடை வழியாக இழுத்தாலும் அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும், ஏனென்றால் இழைகளின் சதுரம் சாய்ந்து கொடுக்கிறது. அந்தச் சாய்வில் வெட்டினால் துணி உடம்பின் வளைவுக்கு இணங்கிப் போகும். துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

ஒருமுறை சென்னைக்குப் போனபோது பிளாட்பாரத்துப் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுத் தையல் பத்திரிகை ஒன்று கிடைத்தது. நடுவில் ஒரு பெரிய தாள். அதில் பத்துப் பதினைந்து உடுப்புகளின் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக, புள்ளிக் கோடு, வெட்டுக் கோடு என்று பின்னிக் கிடந்தன. நிலத்தடிக் குழாய்களின் வரைபடம் தோற்றது. நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் வேறு தாளில் நகல் எடுக்க வேண்டும். இருவரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மகளுக்கு ஒரு கவுனை எடுத்தோம். தைத்தால் பிள்ளைக்குக் கை நுழையவில்லை. காரணம் அப்புறம்தான் புரிந்தது. சில நாட்டு மாதிரிகளில் தையலுக்கு விடும் துணியைச் சேர்த்துப் போட மாட்டார்கள், வெட்டுபவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மொழி எங்களுக்குப் படிக்கத் தெரியாது. கவுன் எதிர் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குப் போனது. அவளுக்கு அழகாக இருந்தது.

இப்படிப் பத்திரிகையோடு மாதிரித் தாள் கொடுக்கும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜெர்மனியின் ஆஃபன்புர்க் நகரத்து ஆன்னே புர்டா என்ற பெண்மணி. போரில் நொறுங்கிய நாட்டில், 1950-ல் அவர் 'புர்டா மோடன்' பத்திரிகையை ஆரம்பித்தார். கடையில் வாங்க வசதியில்லாத பெண்கள் நல்ல உடுப்பை வீட்டிலேயே தைத்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். 1987-ல் அது ரஷ்ய மொழியிலும் வந்தது. நமக்கு அனல்மின் நிலையம் கட்டிக்கொடுத்த நாட்டில் அப்போது கடைகளில் நல்ல உடுப்பு கிடைப்பது அரிது, வீட்டில் தைத்துக்கொள்வதே வழக்கம். வானத்துக்கு ராக்கெட் விட்ட தேசத்திலும் பெண்கள் என் மனைவியைப் போலவே தரையில் காகிதம் விரித்துக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது.

மாதிரி யார் கையில்?

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். தையலின் வரலாற்றில் மெஷின் யாரிடம் இருந்தது என்பதைவிட, மாதிரி யாரிடம் இருந்தது என்பதுதான் முக்கியம்.

நம் அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் பலருக்கு அது சோறு போட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வெட்டிக் கொடுத்த துணியைக் கட்டாக வாங்கி வந்து மூட்டித் தருபவளுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. திருப்பூரிலும் அப்படியே. நூற்றுக்கணக்கான பெண்கள் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். 'பேட்டர்ன் மாஸ்டர்' தனி ஆள், அவருடைய சம்பளமே வேறு. இப்போது அதுவும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. தைக்க மட்டும் தெரிந்தவளுக்குக் கூலி கிடைக்கிறது. வெட்டத் தெரிந்தவள் கடை வைக்கிறாள்.

வீட்டுத் தையலும் இப்போது குறைந்துவிட்டது. நைட்டி வந்தது, சுடிதார் வந்தது, ரெடிமேட் வந்தது. துணி எடுத்துத் தைக்கும் செலவைவிடத் தைத்ததே மலிவு. ஆனாலும் பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் என்றால் எங்கள் மகள் சென்னையிலிருந்து அம்மாவுக்குத்தான் போன் செய்கிறாள். சட்டைக்கு 38, 40 என்று கடை அளவு போதும். ஜாக்கெட் மட்டும் இன்னும் ஒரே ஓர் உடம்புக்குத்தான் வெட்டப்படுகிறது.

அத்தை

அந்தக் காகிதக் கட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாமியாருக்கு ஜாக்கெட் தைக்கப் போகிறேன் என்று என் மனைவி டேப்பை எடுத்தபோது அம்மா கூசினாளாம். "பழசையே வச்சி வெட்டேன்" என்றாளாம். இவள் விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு அளவெடுத்திருக்கிறாள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அம்மாவை ஒருவர் அளந்தது அன்றுதான். அதற்குப் பிறகு அம்மா கடைக்கு ஜாக்கெட் அனுப்பவே இல்லை.

அந்தக் காகிதத்தில் ஒரு கோடு இல்லை, மூன்று கோடு இருந்ததாம். முதல் கோடு 1985. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து இளைத்தபோது உள்ளே தள்ளி இரண்டாவது கோடு. கடைசி வருஷம் கை தூக்க முடியாமல் போனபோது கைக்குழியை இறக்கி, கையைத் தளர்த்தி, கொக்கிக்குப் பதில் பிரஸ் பட்டன் என்று குறித்து மூன்றாவது கோடு. என் அம்மாவின் இருபது வருஷம் அந்தப் பிரவுன் பேப்பரில் இருந்தது. மகனாகிய எனக்கு அவள் இளைத்ததே ஆஸ்பத்திரியில் எடை போட்டபோதுதான் தெரியும். அந்தக் காகிதத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதைத்தான் எடைக்குப் போட்டேன்.

மனைவி அப்புறம் மறுபடி ஆரம்பித்தாள். பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் பிரித்துத் துண்டு துண்டாக்கி, இஸ்திரி போட்டு, காகிதத்தில் வைத்து வரைந்தாள். அப்படி அவளுடையது வந்துவிட்டது. மகளுடையது வந்துவிட்டது. பேத்தியின் பாவாடை சட்டை புதிதாகச் சேர்ந்தது. இந்தத் தடவை பிரவுன் பேப்பரிலிருந்து நான் அட்டையில் வெட்டிக் கொடுக்கிறேன், ஓரம் நைந்து போகாமல் இருக்க. ஃபிட்டர் கை, கோடு தப்பாது. அவளும் சரி பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

அம்மாவின் ஜாக்கெட் ஒன்றுகூட வீட்டில் இல்லை. காரியம் முடிந்ததும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். பிரிக்க ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் கேட்டேன். "எங்கம்மா அளவு உனக்கு ஞாபகம் இருக்கா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "மார்பு முப்பத்திரண்டு. தோள் பதிமூணரை. உயரம் பதிமூணு. கை எட்டு."

நான் பேனாவை எடுத்துக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"இத எதுக்குங்க இப்ப எழுதறீங்க? அவங்களுக்கா தைக்கப் போறோம்?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்.

"எடது தோள் கால் அங்குலம் எறக்கம். முந்திரிக் கூடை சொமந்த தோள். அதையும் எழுதிக்குங்க."